தோளில் நான்கு பள்ளங்கள்

செப்டம்பர் 5, வியாழன்

பிள்ளையார் பள்ளமாக வந்துவிட்டார்.

ஆறு மணி நேரம் ஓடியது மிஷின். காலை ஒன்பதுக்குப் போட்டேன், மூன்றுக்கு நின்றது. தூசியை ஊதித் தள்ளிவிட்டுப் பார்த்தால் தொந்தி உள்ளே போயிருக்கிறது, தும்பிக்கை இருந்த இடத்தில் வாய்க்கால். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. தெய்வக் குற்றம் ஆகிவிட்டதோ என்று ஒரு நிமிடம் நிஜமாகவே பயந்தேன்.

காரணம் பிறகுதான் பிடிபட்டது. மரத்தில் சித்திரம் குடையும் இந்தக் குட்டி சிஎன்சி மிஷினுக்குப் படம் என்றால் கறுப்பும் வெளுப்பும்தான். வெளுப்பு மேடு, கறுப்பு பள்ளம், நடுவில் உள்ள சாம்பல் எல்லாம் அதனதன் அளவுக்குச் சரிவு. நான் நிறத்தை மாற்றிப்போட்டு ஏற்றியிருக்கிறேன். பம்ப் கம்பெனியில் முப்பத்திரண்டு வருடம் லேத் ஓட்டியவன், மைக்ரான் கணக்கில் பேசியவன், ரிட்டயர் ஆகி ஆறு மாதத்தில் கறுப்பு வெளுப்பில் கோட்டை விட்டேன்.

ரங்கநாயகி எட்டிப் பார்த்தாள். திட்டு வாங்கத் தயாராக நின்றேன். என் மனைவிக்கும் இந்த மிஷினுக்கும் ஆகாது. போர்ட்டிகோவில் அவளுடைய துளசித் தொட்டி இருந்த இடத்தை அது பிடித்துக்கொண்டது. ஆனால் பலகையை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஏனுங்க, இதைக் கழுவி எண்ணெய் தடவிக் குடுங்க. சனிக்கெழமைக்குக் கொழுக்கட்டை அச்சாச்சு" என்றாள். சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

செப்டம்பர் 7, சனி, சதுர்த்தி

இருபத்தோரு கொழுக்கட்டை, இருபத்தொன்றிலும் பிள்ளையார் அசல் மேடாக, தொந்தியோடு. பக்கத்து வீட்டுக்காரர்கள் அச்சு எந்தக் கடை என்று கேட்டார்கள். வேண்டுமென்றே செய்ததுதான் என்று சொல்லிவிட்டேன்.

மாப்பிள்ளை லோகநாதன் சூலூரிலிருந்து வந்திருந்தார். என் மகள் சிந்துஜாவுக்குப் பேசி முடித்திருக்கும் பையன். இருவருக்கும் ஒரே ஆபீஸ், நவம்பர் இருபது கல்யாணம். பையனைப் பற்றி விசாரிக்கிற பொறுப்பை மச்சான் முத்துக்குமாரிடம் விட்டிருந்தேன். "தங்கமான பையனுங்க மாமா" என்று ஒரே வரியில் முடித்துவிட்டான். பார்த்தால் அப்படித்தான் தெரிகிறது.

ஒரு விஷயம் மட்டும். கொழுக்கட்டையைச் சின்னச் சின்னத் துண்டாகப் பிய்த்து, ஒவ்வொன்றையும் ஊதி ஆறவைத்து, தட்டின் ஓரத்தில் வரிசையாக அடுக்கினார். அப்புறம் சட்டென்று நிமிர்ந்து எங்களைப் பார்த்துவிட்டு, மளமளவென்று எல்லாவற்றையும் தானே சாப்பிட்டார். வினோதமான பழக்கம். போகும்போது மிஷின் மேசையில் கிடந்த, மரம் குடையும் பிட்டுகளைப் பார்த்து, "கூரா இருக்கறதெல்லாம் ஒசக்க எடுத்து வெச்சிருங்க மாமா, கையில குத்திரும்" என்றார். இந்த வீட்டில் யார் கை வைக்கப் போகிறார்கள்? இருந்தாலும் எடுத்து வைத்தேன். பொறுப்பான பையன்.

செப்டம்பர் 11, புதன்

ரங்கநாயகியின் போட்டோவை ஏற்றிச் சோதனை. குங்குமப் பொட்டு கறுப்பாகத் தெரிந்ததால் நெற்றி நடுவில் ஓட்டை விழுந்துவிட்டது. பல் வெளுப்பு என்பதால் உதட்டைத் தாண்டி வெளியே நிற்கிறது.

"என்னைச் சுட்டுப்போட்டீங்களா?" என்று கேட்டாள்.

மாலை காப்பி வரவில்லை.

செப்டம்பர் 15, ஞாயிறு

முடிவு செய்துவிட்டேன். ரிசப்ஷன் வாசலில் வரவேற்பாக வைக்க, மணமக்கள் இருவரின் உருவத்தையும் தேக்கில் நானே குடைந்து கொடுக்கப் போகிறேன். அறுபதுக்கு நாற்பது சென்டிமீட்டர். அதுதான் மிஷினுடைய மேசையின் முழு அளவு. சிந்துஜாவிடம் சொன்னதும் என் கையைப் பிடித்துக்கொண்டாள். இருபத்தொன்பது வயதில் இப்படிச் செய்கிறவள் இல்லை.

பத்திரிகை கொடுக்க வேண்டியவர்கள் பட்டியல் போட்டோம். நான் சொல்லச் சொல்ல ரங்கநாயகி எழுதினாள். முடிக்கும்போது பேனாவை நிறுத்தி, "பல்லடத்துக்கு?" என்றாள்.

காப்பி ஆறிவிட்டது, சூடு பண்ணிக் கொண்டுவா என்றேன். பல்லடத்தில் இருப்பது என் தங்கை கோகிலா. அவளைப் பற்றி எழுத ஒன்றும் இல்லை.

செப்டம்பர் 19, வியாழன்

போட்டோ கேட்டு மூன்று நாள் ஆகியும் வரவில்லை. "அனுப்பறேன்ப்பா, நல்லதா ஒண்ணு தேடிட்டு இருக்கறோம்" என்கிறாள் சிந்துஜா. கைபேசியில் ஆயிரம் போட்டோ வைத்திருக்கிறார்கள். தேட என்ன இருக்கிறது?

செப்டம்பர் 22, ஞாயிறு

வந்துவிட்டது. அவளுடையது ஒன்று, மாப்பிள்ளையுடையது ஒன்று. மாப்பிள்ளை வீட்டு வெளிச்சுவர் ஓரம் படியில் உட்கார்ந்து, கழுத்தை ஒரு பக்கமாகச் சாய்த்து, வாய்விட்டுச் சிரிக்கிறார். ஆளை நேரில் இப்படிச் சிரித்துப் பார்த்ததில்லை. இதைத்தான் குடையணும் என்று தோன்றிவிட்டது.

கைபேசியில் எங்கள் மிஷின்காரர்கள் குழு ஒன்று இருக்கிறது. அதில் போட்டோவைப் போட்டு யோசனை கேட்டேன். "பின்னாடி சுவத்த வெட்டி எடுத்துருங்க சார், ஆளை மட்டும் வெச்சு, வழவழன்னு தேச்சு அப்புறம் ஏத்துங்க. போட்டோவை அப்படியே ஏத்தறது புதுசா வர்றவங்க பண்ற தப்பு" என்று ஒருவர் எழுதினார். புதுசா வர்றவங்களாம்! பூசாத சுவரின் சொரசொரப்பு மரத்தில் எவ்வளவு அழகாக வரும் என்று இவர்களுக்கு என்ன தெரியும்? அப்படியேதான் ஏற்றப் போகிறேன்.

சிந்துஜா டீப்பாய் ஒன்றைக் கொண்டுவந்து, புது வீட்டுக்கு, நாலு மூலையையும் உருட்டிக் கொடுங்கள் என்றாள். மூலை கூராக இருந்தால்தானே டீப்பாய்க்கு அழகு? கேட்கவில்லை. உருட்டிக் கொடுத்தேன்.

செப்டம்பர் 26, வியாழன்

மாதாந்திர மின்தடை. ஒன்பது முதல் ஐந்து வரை. ரங்கநாயகியோடு முருங்கைக் கீரை ஆய்ந்தேன்.

அக்டோபர் 10, வியாழன்

முடிந்தது! முரட்டு வெட்டு இரண்டு நாள், மெல்லிய உருண்டை முனை பிட்டால் நுணுக்க வெட்டு நான்கு நாள், பகல் பகலாக. இரண்டு முகங்களும் அப்படியே வந்திருக்கின்றன. சிந்துஜாவின் பொட்டை முன்கூட்டியே வெளுப்பாக்கி மேடாக்கிவிட்டேன். ஒரு தடவை சுட்டது போதும். மாப்பிள்ளையின் சட்டைப் பட்டனில் நூல் கோத்த துளைகூடத் தெரிகிறது. ரங்கநாயகி நீண்ட நேரம் பார்த்தாள். கண் கலங்கியது. பெண்ணைப் பெற்றவள் அல்லவா?

அக்டோபர் 11, வெள்ளி, ஆயுத பூஜை

இன்று மிஷினை ஓட்டக்கூடாது. துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, வாழைக்கன்று கட்டினேன். அளவெடுக்கும் வெர்னியர், ஸ்பேனர், பிட்டுகள் எல்லாம் வாழையிலையில். புதிதாகச் செய்த வேலையையும் வைப்பது எங்கள் கம்பெனி வழக்கம். அதனால் தேக்குப் பலகையைச் சுவரில் சாய்த்து வைத்து, பக்கத்தில் குத்துவிளக்கு ஏற்றினேன்.

சாயங்காலம் ஆறு மணி. ரங்கநாயகி கற்பூரம் காட்டினாள். கும்பிட்டுக் கண்ணைத் திறந்தால், மாப்பிள்ளையின் இடது தோளில் நான்கு விரல்.

விளக்கு வெளிச்சம் பக்கவாட்டில் விழுந்ததால் தெரிந்தது. டியூப்லைட்டில் ஒன்றும் இல்லை, அணைத்தால் வருகிறது. கால் மில்லிமீட்டர் ஆழம்கூட இருக்காது. வரிசையாக நான்கு மெல்லிய பள்ளங்கள், சட்டையைப் பிடித்திருப்பது போல. தோளுக்கு மேலே சுவர் முழுக்க அம்மைத் தழும்பு மாதிரி புள்ளி புள்ளியாக இருக்க, எலுமிச்சம்பழம் அளவுக்கு ஓர் இடம் மட்டும் வழவழவென்று. அங்கே யாரோ தலையை வைத்திருந்தது போல.

ரங்கநாயகியைக் கூப்பிட்டுக் காட்டினேன். "மரத்துல ரேகையா இருக்குமுங்க. பொரி எடுத்துக்குங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். என்ன ஏது என்று குனிந்துகூடப் பார்க்கவில்லை.

அக்டோபர் 12, சனி

மிஷின் கோளாறாக இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டேதான் போட்டேன். பிட் தளர்ந்திருக்கலாம், மேசை அசைந்திருக்கலாம். அந்தத் தோளை மட்டும் மரத்தூளை அழுத்திச் செய்த எம்டிஎஃப் பலகைத் துண்டில் மறுபடி குடைந்தேன். அதில் ரேகை கிடையாது.

அதே நான்கு பள்ளம். அதே இடம்.

அக்டோபர் 13, ஞாயிறு

படத்தைக் கணினியில் பெரிதாக்கி, கறுப்பையும் வெளுப்பையும் கூட்டிக் கூட்டிப் பார்த்தேன். சந்தேகமே இல்லை. அந்தப் போட்டோவில் மாப்பிள்ளைக்குப் பின்னால் ஒரு ஆள் இருந்திருக்கிறது. அழித்திருக்கிறார்கள். தலை இருந்த இடத்தில் சுவரை இழுத்துப் பூசியிருக்கிறார்கள். கையை அழித்துச் சட்டையைப் பூசியிருக்கிறார்கள். ஆனால் விரல்களின் நிழல் சட்டையில் அப்படியே நிற்கிறது. கண்ணுக்குத் தெரியாத மங்கல். மிஷினுக்கு மங்கலும் கறுப்புதான். கறுப்பு என்றால் பள்ளம்.

சுவரை வெட்டித் தேய்த்து ஏற்றியிருந்தால் எனக்குத் தெரிந்தே இருக்காது.

வேறு ஒருத்தி இருக்கிறாள். தோளைக் கட்டிக்கொண்டு, கழுத்தோரம் முகம் வைத்துக்கொண்டு. அதனால்தான் அந்தச் சிரிப்பு. தங்கமான பையனாம்! என் மகள் தலையில் இடியை இறக்கப் பார்க்கிறார்கள். அவளிடம் எப்படிச் சொல்வேன்?

அக்டோபர் 14, திங்கள்

அளந்து பார்த்தேன்.

சண்டைக்குப் போகும் முன் அளவு கையில் இருக்க வேண்டும் என்பது என் தொழில் புத்தி. மரத்தில் மாப்பிள்ளையின் சட்டைப் பட்டன் மூன்று புள்ளி மூன்று மில்லிமீட்டர். என் சட்டைப் பட்டன் பதினொன்று. ஆக, பத்தில் மூன்று பங்கு அளவு. நான்கு பள்ளங்களும் சேர்ந்து ஓரத்துக்கு ஓரம் பதினைந்து. அப்படியானால் நிஜக் கையில் நான்கு விரல் அகலம் ஐம்பது மில்லிமீட்டர்.

ஐம்பது எவ்வளவு என்று தெரிய, ரங்கநாயகியைக் கூப்பிட்டுக் கையை நீட்டச் சொன்னேன். எழுபத்தொன்று. பெண்களிலேயே சின்னக் கை அவளுக்கு. என்னுடையது எண்பத்தாறு. கணக்கைத் திரும்பப் போட்டேன். பட்டனைத் திரும்ப அளந்தேன். மூன்று தடவையும் ஐம்பதுதான்.

"எதுக்குங்க என்ற கைய அளக்கறீங்க?" என்று கேட்டாள். கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள்.

ஐம்பது மில்லிமீட்டர் அகலத்துக்குப் பெண்ணின் கை கிடையாது. அது குழந்தையின் கை.

நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன்.

அக்டோபர் 15, செவ்வாய்

எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். எழுதாவிட்டால் மண்டை வெடித்துவிடும்.

சிந்துஜா ஆபீஸிலிருந்து வந்ததும் பலகையை ஹாலில் வைத்து, கைவிளக்கைப் பக்கவாட்டில் பிடித்தேன். "இந்தக் கை யாரோடது கண்ணு?" என்றேன். நான் அவளுக்கு ஆறுதல் சொல்லத் தயாராக நின்றேன், மடையன்.

அவள் அதிரவில்லை. கிட்டே வந்து முழங்கால் போட்டு உட்கார்ந்து, நான்கு பள்ளங்களையும் ஒற்றை விரலால் தடவினாள். அப்புறம், "நெழலை அழிக்க மறந்துட்டேன்ப்பா" என்றாள்.

என் மகள்தான் அழித்திருக்கிறாள்.

லோகநாதனுக்கு முன்பே கல்யாணமாகி, மனைவி டெங்குவில் போய் மூன்று வருடமாம். நாலு வயதில் பெண் குழந்தை, மிதுளா என்று பெயர். சிந்துஜாவுக்கு முதலிலிருந்தே தெரியும். ரங்கநாயகிக்குத் தெரியும். விசாரித்து வந்த முத்துக்குமாருக்கு நன்றாகவே தெரியும். கல்யாணத்தன்று குழந்தையைக் கரூரில் அதன் பெரியம்மா வீட்டுக்கு அனுப்பிவிடுவதாக ஏற்பாடு. தாலி ஏறிய பிறகு என்னிடம் பக்குவமாகச் சொல்வதாகத் திட்டம். அந்த டீப்பாய் மூலை எதற்கு என்று இப்போது புரிகிறது. கொழுக்கட்டையைப் பிய்த்து ஊதியது யாருக்கு என்றும் புரிகிறது.

ஒரு வீடே கூடி என்னை முட்டாளாக்கியிருக்கிறது. கத்தினேன். ஊரைக் கூட்டுகிற மாதிரி கத்தினேன். "இந்தக் கல்யாணம் நடக்காது. நாளைக்கே சூலூர் போய்ச் சொல்லிப்போட்டு வர்றேன்" என்றேன்.

"பாத்தீங்களாம்மா? நாஞ் சொன்னனில்ல" என்றாள் சிந்துஜா, அவள் அம்மாவிடம். குரலை உயர்த்தவே இல்லை. "கல்யாணம் நடக்கும்ப்பா. நீங்க இல்லாம நடக்கும். அத்தைக்கு நடந்த மாதிரி."

"அவளை ஏன் இதுல இழுக்கறே?"

"எனக்கு அப்பப் பன்னெண்டு வயசு. அத்தை கல்யாணமாகி மொதல் தடவையா நம்ம வாசப்படில வந்து நின்னாங்க. மாமாவோட மூத்த சம்சாரத்துப் பையனைக் கையில புடிச்சுட்டு. ஆறு வயசு இருக்கும் அவனுக்கு. 'எவளோ பெத்ததுக்குச் சோறு ஆக்கிப் போடறதுக்கா உன்னை வளத்துனோம்'னு இதே ஹால்ல நின்னுதான் கேட்டீங்க. அவன் உங்களைப் பாத்துட்டே நின்னான். உள்ள வாங்கன்னு ஒரு வார்த்தை நீங்க சொல்லவே இல்ல. அப்படியே திரும்பிப் போயிட்டாங்க. மிதுளாவும் அங்க வந்து நிக்கோணுங்களா?"

ரங்கநாயகி முந்தானையால் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள். "உங்களுக்குப் பயந்துதானுங்க. வேற எதுக்குமில்ல" என்றாள்.

நான் அப்படிச் சொல்லியிருக்க மாட்டேன் என்று சொல்லப் பார்த்தேன்.

அக்டோபர் 16, புதன்

மூன்று வேளையும் போர்ட்டிகோவில் மிஷின் பக்கத்தில் உட்கார்ந்தே சாப்பிட்டேன்.

அக்டோபர் 17, வியாழன்

மிஷினில் கட்டிய வாழைக்கன்று வாடிவிட்டது. எடுத்துப் போட்டேன்.

அக்டோபர் 18, வெள்ளி

பரணிலிருந்து பழைய டைரிகளை இறக்கினேன். நான் அப்படிப் பேசியிருக்க மாட்டேன், சின்னப் பிள்ளை ஞாபகத்தில் ஏதோ கூட்டிச் சொல்கிறாள், என் கையெழுத்தில் நிஜம் இருக்கும் என்று ஒரு வீம்பு.

2007 கிடைத்தது. ஆகஸ்டில் ஒரு பக்கம்: "கோகிலா கல்யாணம், பல்லடம். போகவில்லை. லேத்துக்குப் புது பெல்ட் மாற்றினேன். மத்தியானம் புளிசாதம்."

அக்டோபரில்: "கோகிலா வந்தாள். ஐந்து நிமிடம். திண்டுக்கல் பார்ட்டிக்கு பம்ப் இம்பெல்லர் பன்னிரண்டு முடிந்தது."

அவ்வளவுதான். பன்னிரண்டு இம்பெல்லர் எழுதியிருக்கிறேன், புளிசாதம் எழுதியிருக்கிறேன். பையனைப் பற்றி ஒரு எழுத்து இல்லை. நான் என்ன சொன்னேன் என்பதும் இல்லை. என் மகள் கைபேசியில் செய்ததை நான் பதினேழு வருடம் முன்னாலேயே பேனாவில் செய்து வைத்திருக்கிறேன்.

அந்தப் பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தபோது ஞாபகம் வந்துவிட்டது. பையன் மஞ்சள் கட்டம் போட்ட சட்டை போட்டிருந்தான். கோகிலாவின் இரண்டு விரலை மட்டும் பிடித்துக்கொண்டிருந்தான். நான் பேசப் பேச இன்னும் இறுக்கிப் பிடித்தான். எப்படி மறந்தேன்? எனக்கே என்னைப் பார்க்கப் பயமாக இருக்கிறது.

மத்தியானம் லோகநாதனுக்குப் போன் போட்டேன். "ஞாயித்துக்கெழமை வீட்டுக்கு வாங்க மாப்பிள்ளை. குழந்தையையும் கூட்டிட்டு வாங்க" என்றேன்.

"எந்தக் குழந்தைங்க மாமா?" என்றார்.

நடந்ததெல்லாம் சிந்துஜா அவரிடம் இன்னும் சொல்லவில்லை போலிருக்கிறது. அந்தக் கேள்வி என்னைச் செருப்பால் அடித்த மாதிரி இருந்தது. பெற்ற தகப்பன். மூன்று வருடம் தாய்க்குத் தாயாக இருந்து வளர்த்தவன். என் ஒருவனுக்குப் பயந்து, எந்தக் குழந்தை என்று கேட்கிறான்.

"உங்க குழந்தைங்க மாப்பிள்ளை. மிதுளா" என்றேன். அந்தப் பக்கம் அவர் அழுவது கேட்டது.

அக்டோபர் 20, ஞாயிறு

பத்து மணிக்கு வந்தார்கள். சிந்துஜா வாசலில் என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். நான் என்ன சொல்லப் போகிறேனோ என்று முகம் வெளுத்துக் கிடந்தது. லோகநாதன் குழந்தையை இறக்கிவிடாமல் தோளிலேயே வைத்திருந்தார். இடது தோள். சட்டையை நான்கு விரலால் பற்றிக்கொண்டு, கழுத்தோரம் முகத்தை வைத்துக்கொண்டு. நான் மரத்தில் பார்த்தது அப்படியே எதிரில் நின்றது. ஒரு வழியாக, "உள்ள வாங்க. கண்ணு, நீ மொதல்ல வா" என்றேன்.

ரங்கநாயகி ஓடிவந்து குழந்தையை வாங்கிக்கொண்டாள். குழந்தை அவளிடம் தாவிய விதத்தைப் பார்த்தால் இது முதல் தடவை இல்லை. கேட்கவில்லை. இனிமேல் கேட்டு என்ன?

மிதுளாவுக்கு மிஷின்தான் பிடித்தது. பிள்ளையார் அச்சுக்குள் விரலை விட்டு, "இவரு ஏன் உள்ள போயிட்டாரு தாத்தா?" என்றாள். தாத்தா என்று என்னைத்தான் சொன்னாள். யார் சொல்லிக்கொடுத்தார்கள் என்று தெரியவில்லை. திடுக்கிட்டுப் போய், "தாத்தா தப்பாப் பண்ணிப்போட்டேன் சாமி" என்றேன்.

அப்புறம் தேக்குப் பலகையின் முன்னால் போய் நின்றாள். "இது அப்பா. இது சிந்து" என்று தொட்டுக் காட்டினாள். இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். பின்பக்கம் எட்டிப் பார்த்தாள். "நான் எங்க?" என்றாள்.

சிந்துஜா சமையலறைக்குள் போய்விட்டாள்.

"நீ இனிமேத்தான் சாமி. அதுக்கு உன்ற கைய அளக்கோணும்" என்றேன். வெர்னியரைப் பார்த்ததும் கையைப் பின்னால் ஒளித்துக்கொண்டு, "கடிக்குமா?" என்றாள். என் விரலை முதலில் அதில் வைத்துக் காட்டினேன். பிறகு நீட்டினாள்.

நான்கு விரல் அகலம், ஐம்பத்தொன்று.

நான் போட்ட கணக்கு ஐம்பது. ஒரு மில்லிமீட்டர் கூட. கணக்கில் எங்கே பிசகு என்று யோசித்துவிட்டு, போட்டோ எடுத்த தேதியை லோகநாதனிடம் கேட்டேன். ஜூன் ஒன்பது என்றார். பிசகு ஒன்றும் இல்லை. நாலு மாதத்தில் குழந்தை வளர்ந்திருக்கிறாள்.

அழிக்காத போட்டோவை அனுப்பச் சொல்லியிருக்கிறேன். புதுத் தேக்குப் பலகை நாளை வரும். கரூருக்கு யாரும் போகவில்லை.

அக்டோபர் 24, வியாழன்

பலகையை மிஷினில் ஏற்றவில்லை. அதற்கு முன் ஒரு வேலை பாக்கி இருந்தது.

காலையில் நானும் ரங்கநாயகியும் பல்லடம் பஸ் ஏறினோம். தாம்பாளத்தில் பத்திரிகை, பழம், வெற்றிலை. பஸ்ஸில் பாதி வழியில், "அந்தப் பையன் பேரு என்ன?" என்று கேட்டேன். "சரண்" என்றாள் ரங்கநாயகி. யோசிக்காமல் சொன்னாள்.

கோகிலாவின் வீட்டைக் கண்டுபிடிக்க இரண்டு இடத்தில் வழி கேட்க வேண்டியிருந்தது. சொந்தத் தங்கை வீடு. ரங்கநாயகி செருப்பைக் கழற்றிக்கொண்டு பின்னால் நின்றாள். நான் கதவைத் தட்டினேன்.

திறந்தவன் என்னைவிட ஒரு சாண் உயரம். மீசை, தாடி. கதவின் மேல் சட்டத்தைப் பிடித்திருந்த கையைப் பார்த்தேன். அளக்கத் தேவையில்லை, என் கையைவிடப் பெரியது. கோகிலாவின் இரண்டு விரலைப் பிடித்துக்கொண்டு நின்ற கை அது. அது வளர்ந்ததில் ஒரு மில்லிமீட்டரைக்கூட நான் பார்க்கவில்லை. பதினேழு வருடம்.

பஸ்ஸில் சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்த பேச்சு எல்லாம் போய்விட்டது. தாம்பாளத்தை மட்டும் நீட்டினேன். அவன் சட்டென்று இரண்டு கையாலும் அதைத் தாங்கிக்கொண்டான்.

உள்ளேயிருந்து கோகிலாவின் குரல். "ஆருப்பா அது?"

"தெரியலைங்கம்மா. ஆரோ பெரியவங்க, பத்திரிகை வெக்க வந்திருக்கறாங்க" என்றான் அவன். பிறகு என்னைப் பார்த்து, "ஏனுங்க வெயில்ல நிக்கறீங்க? உள்ள வாங்க" என்றான்.